பழைய டாக்டரிடம் இருக்கும் ஃபைலை எப்படிக் கேட்டு வாங்குவது?

கேள்வி இது: பல வருடமாக ஒரே டாக்டரிடம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பார்த்து வருகிறேன். நடுவில் பித்தப்பையை எடுத்த ஆபரேஷனும் அங்கேதான் நடந்தது. இப்போது வேறு டாக்டரிடம் மாறப் போகிறேன். பழைய ஃபைலைக் கேட்டால் தப்பாக நினைப்பாரா? கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? எதையெல்லாம் வாங்க வேண்டும்?

மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். தப்பாக நினைப்பாரா என்பதை முதலில் முடித்துவிடலாம். பெரிய மருத்துவமனை என்றால் உங்கள் விண்ணப்பம் பெரும்பாலும் டாக்டரின் மேசைக்கே போகாது. பதிவேட்டுப் பிரிவில் ஒருவர் வாங்கி, ஃபைலைத் தேடி, நகல் எடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார். அவருக்கு அது அன்றைய வேலைகளில் ஒன்று. சின்ன கிளினிக் என்றால் டாக்டருக்குத் தெரியத்தான் செய்யும். ஆனால் தன்னிடம் புதிதாக வருகிறவர்களிடம் "பழைய ரிப்போர்ட் எங்கே?" என்று தினமும் கேட்கிறவர் அவர். நீங்கள் எதற்காகக் கேட்கிறீர்கள் என்பது அவருக்குப் புரியாமல் போகாது.

காரணம் விளக்க வேண்டியதில்லை. "சிகிச்சையை வேறு இடத்தில் தொடரப் போகிறேன், என் பதிவுகளின் நகல் வேண்டும்" என்றால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அங்கே உங்களுக்கு ஏதாவது மனக்குறை இருந்தால் அதை இந்த விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். புகார் இருக்கும் கடிதம் நேராக நிர்வாகத்துக்குப் போகும், அங்கிருந்து சட்ட ஆலோசகருக்குப் போகும், ஃபைல் யாருடைய அலமாரியிலோ உட்கார்ந்துவிடும். புகாரைத் தனியாக, நகல் கைக்கு வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். "ஃபைல் எங்களுடையது, தர முடியாது" என்று சொல்கிறவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். 1992-ல் கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதைத் தெளிவாக்குகிறது. முந்தைய டாக்டர்கள் எழுதிக் கொடுத்த தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னார் ஒரு டாக்டர். அப்படியென்றால் இத்தனை நாள் நடந்த சிகிச்சை சரிதானா என்று அந்த நோயாளிக்குச் சந்தேகம் வந்து, முழு ஃபைலையும் கேட்டார். தான் எழுதிய குறிப்புகளை டாக்டர் கொடுத்துவிட்டார். மற்ற டாக்டர்களிடமிருந்து வந்த ரிப்போர்ட்டுகளை மட்டும், அவை அவர்களுடைய சொத்து, தான் கொடுப்பது முறையல்ல என்று மறுத்தார். ஃபைல் என்ற பொருள் டாக்டருக்குச் சொந்தம்தான், ஆனால் அதில் உள்ள தகவலைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு, சிகிச்சைக்குப் பயன்பட்ட தகவல் என்றால் அதை வேறு டாக்டர் எழுதியிருந்தாலும் அப்படித்தான் என்றது நீதிமன்றம். மாறிப் போகிறவர்களுக்கு இந்தக் கடைசிப் பகுதி ரொம்ப முக்கியம். உங்கள் டாக்டரின் ஃபைலுக்குள் கண் டாக்டர், இதய டாக்டர், வெளி லேப் என்று பலருடைய தாள்கள் இருக்கும். அவற்றையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

மற்ற இடங்களிலும் ஏறக்குறைய இதே கொள்கைதான், கெடுதான் மாறும். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகள், நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்கச் சொல்கின்றன. அமெரிக்காவில் ஹிப்பா என்ற மருத்துவத் தகவல் சட்டத்தின் விதிப்படி 30 நாள். முடியாவிட்டால் எழுத்தில் காரணம் சொல்லி ஒரே ஒருமுறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பொதுவாக ஒரு மாதம், முதல் நகல் இலவசம். நகல் செலவை வாங்கிக்கொள்ளப் பல நாடுகள் அனுமதிக்கின்றன. ஆனால் சிகிச்சைக் கட்டணம் பாக்கி இருக்கிறது என்று பதிவைப் பிடித்து வைத்துக்கொள்வது அமெரிக்க விதிப்படி கூடாது.

இனி எதைக் கேட்பது என்ற கேள்வி. "எல்லாம் வேண்டும்" என்பதுதான் வழக்கமாக வரும் விண்ணப்பம். அப்படிக் கேட்டால் ஒரு கட்டுத் தாள் வரும். நாடித்துடிப்பு, காய்ச்சல் அட்டவணை, நர்ஸ் எழுதிய நேரக் குறிப்பு, ஒரே ரிப்போர்ட்டின் மூன்று நகல். புதிய டாக்டர் அதைப் புரட்டிப் பார்க்கப் போவதில்லை, அவருக்கு நேரமும் இல்லை. அதே சமயம் அவருக்கு உண்மையில் தேவையான ஒன்று அந்தக் கட்டில் இல்லாமலே போயிருக்கும், ஏனென்றால் அது பதிவேட்டுப் பிரிவில் இருந்திருக்காது.

அதனால் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை நாளைக்குப் புதிதாக எடுக்க முடியுமா? இன்றைய சர்க்கரை அளவைப் புதிய டாக்டர் நாளைக்கே சோதித்துக்கொள்வார். நான்கு வருடத்துக்கு முன்னால் உங்கள் கிரியேட்டினின் எவ்வளவு இருந்தது என்பதை எந்த லேபும் இனி சோதிக்க முடியாது. சிறுநீரகம் மெதுவாகக் கெட்டுக்கொண்டு வருகிறதா, பல வருடமாக இதே அளவில்தான் நிற்கிறதா என்பது அந்தப் பழைய எண்ணை வைத்துத்தான் தெரியும். மறுபடி எடுக்க முடியாதவற்றுக்கு முதலிடம் கொடுங்கள்.

உங்கள் விஷயத்தில் முதலில் கேட்க வேண்டியது பித்தப்பை ஆபரேஷன் குறிப்பு. டிஸ்சார்ஜ் சம்மரி உங்களிடம் இருக்கலாம், அது போதாது. அதில் "பித்தப்பை அகற்றப்பட்டது" என்று ஒரே வரி இருக்கும். உள்ளே என்ன பார்த்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதெல்லாம் சர்ஜன் எழுதும் ஆபரேஷன் குறிப்பில்தான் இருக்கும். கடுமையான வீக்கத்தில் இருக்கும் பித்தப்பையை முழுவதும் எடுப்பது ஆபத்து என்று பட்டால், ஒரு பகுதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுப்பதும் உண்டு. அப்படி விட்ட பகுதியில் பிற்காலத்தில் மறுபடி கல் உருவாகலாம். சில வருடம் கழித்து வலது விலாவின் கீழ் வலி என்று நீங்கள் போனால், "பித்தப்பைதான் இல்லையே" என்று எல்லோரும் வேறு பக்கம் தேடுவார்கள்.

அந்த ஆபரேஷனோடு சேர்ந்த இன்னொரு தாளை நிறையப் பேர் கடைசிவரை வாங்குவதே இல்லை. எடுத்த பித்தப்பையை வழக்கமாகத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வருவதற்குச் சில நாளாகும். அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார், தையல் பிரிக்க வரும்போது அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பெரும்பாலும் அதில் சாதாரண அழற்சி என்றுதான் இருக்கும். அபூர்வமாக யாரும் எதிர்பார்க்காத புற்றுநோய் அதில் தெரியவரும். அந்த ரிப்போர்ட்டை நீங்கள் கண்ணால் பார்க்கவில்லை என்றால், டாக்டரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் போய் வாங்குங்கள்.

மயக்க மருந்துக் குறிப்பையும் கூடவே கேளுங்கள். மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவது சிரமமாக இருந்ததா, எந்த மருந்துக்கு உடம்பு எப்படி நடந்துகொண்டது என்பது அதில் இருக்கும். அடுத்து எப்போதாவது ஆபரேஷன் வந்தால் மயக்க மருந்து டாக்டர் தேடும் முதல் தாள் அதுதான். பேஸ்மேக்கர், ஸ்டென்ட், செயற்கை மூட்டு போல உடம்புக்குள் ஏதாவது வைத்திருப்பவர்கள் அதன் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண் உள்ள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வேண்டியது வேறு. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி., கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், விழித்திரைப் பரிசோதனை ஆகியவற்றின் பழைய முடிவுகள் தேதியோடு வேண்டும். இப்போது சாப்பிடும் மாத்திரைப் பட்டியல் உங்களிடமே இருக்கும். அதைவிட முக்கியம், ஏற்கெனவே கொடுத்துப் பார்த்து நிறுத்திய மாத்திரைகளும் நிறுத்திய காரணமும். எனலாப்ரில், ராமிப்ரில் வகை ரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொண்டுவரும். பழைய டாக்டர் அதைக் கண்டுபிடித்து மாற்றியிருப்பார். புதியவருக்கு அது தெரியாது, சர்க்கரை உள்ளவருக்கு நல்ல மருந்து என்று மறுபடி அதையே எழுதுவார். இருமலோடு போனால் தொல்லையோடு போயிற்று. முகமும் உதடும் வீங்கியதால் நிறுத்திய மாத்திரை என்றால் அது உயிருக்கே ஆபத்து.

நெஞ்சில் ஒன்றும் இல்லாத நாளில் எடுத்த ஒரு பழைய ஈ.சி.ஜி.யும் வேண்டும். சிலருடைய ஈ.சி.ஜி. இயல்பாகவே வித்தியாசமாக இருக்கும். நெஞ்சு வலி என்று அவசரப் பிரிவுக்குப் போகும் நாளில், அந்த மாற்றம் புதிதா பழையதா என்பதைப் பொறுத்து சிகிச்சையே மாறும். ஈ.சி.ஜி.யும் ஸ்கேன் படங்களும் பல இடங்களில் வெப்பத்தாளில் அச்சாகி வருகின்றன. வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் வைத்தால் சில வருடத்தில் மங்கிப் போகும். கைக்கு வந்த அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. என்றால் ரிப்போர்ட் வேறு, படம் வேறு. ரிப்போர்ட் என்பது படத்தைப் பார்த்த ஒருவரின் கருத்து. புதிய டாக்டர் படத்தையே பார்க்க விரும்புவார், முக்கியமாக ஒப்பிட. நுரையீரலில் ஒரு சின்னக் கட்டி தெரிந்தால், இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்திலும் அது அதே அளவில் இருந்திருந்தால் பல நேரம் நிம்மதியாகப் போகலாம். பழைய படம் இல்லை என்றால் மறுபடி மறுபடி ஸ்கேன், சில நேரம் ஊசி போட்டுத் திசு எடுப்பது வரை போகும். ஃபிலிமை ஜன்னலில் வைத்து செல்போனில் எடுத்த போட்டோ இதற்கு உதவாது. டைகாம் என்ற வடிவில் முழுப் படத்தொகுப்பையும் கம்ப்யூட்டர் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கேளுங்கள். அதை வீட்டிலோ வேறு கம்ப்யூட்டரிலோ ஒருமுறை திறந்து பாருங்கள். காலி டிஸ்க், பாதி படம், வேறொருவருடைய படம் என்று எல்லாமும் நான் பார்த்திருக்கிறேன். இணைப்பு அனுப்புகிறோம் என்றால் சரிதான், ஆனால் பல இணைப்புகள் சில வாரத்தில் காலாவதியாகும், உடனே இறக்கிக்கொள்ளுங்கள்.

திசுப் பரிசோதனை செய்த கட்டி எதுவானாலும் அதே கதைதான். ரிப்போர்ட்டோடு கண்ணாடி ஸ்லைடும், திசுவை மெழுகில் பதித்து வைத்த பிளாக்கும் நோய்க்குறியியல் துறையில் இருக்கும். புற்றுநோய்க்கு இரண்டாவது கருத்து கேட்கப் போகிறவர்கள் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், அங்கே முதல் கேள்வியே "ஸ்லைடும் பிளாக்கும் எங்கே?" என்பதுதான். பிளாக்கை முழுவதும் கொடுத்துவிட மாட்டார்கள், அல்லது திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். அது நியாயம்தான், அதற்கு நகல் கிடையாது.

இப்போது புரிந்திருக்கும், ஒரே மருத்துவமனைக்குள் உங்கள் பதிவு ஒரே இடத்தில் இல்லை. கேஸ் ஷீட் பதிவேட்டுப் பிரிவில், படம் கதிரியக்கத் துறையில், ஸ்லைடு நோய்க்குறியியலில், பழைய ரத்தப் பரிசோதனை லேபின் கம்ப்யூட்டரில். "முழு ஃபைல்" என்று ஒரு இடத்தில் கேட்டால் அந்த இடத்தில் உள்ளதுதான் வரும். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டுமா என்று முதலிலேயே விசாரித்துவிட்டால் அலைச்சல் குறையும்.

விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். அவர்களிடமே படிவம் இருந்தால் அதையே நிரப்புங்கள். பெயர், பிறந்த தேதி, பதிவு எண், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தெந்த ஆவணம், தாளிலா மின்வடிவிலா, கையெழுத்து, அடையாள அட்டை நகல் ஆகியவை இருக்க வேண்டும். பெயரை அன்றைக்கு அங்கே எப்படிப் பதிந்தார்களோ அப்படியே எழுதுங்கள். இனிஷியல் ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால் என்று பதிந்ததால் ஒரே ஆளுக்கு இரண்டு ஃபைல் உருவாகிக் கிடப்பது சாதாரணம். ஒரே நோயாளிக்கு இரண்டு பதிவு எண் இருந்தால் இரண்டையும் குறிப்பிடுங்கள். கொடுத்ததற்கு அடையாளமாக உங்கள் நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. வேறு ஒருவரை அனுப்புவதாக இருந்தால் அவர் பெயரைக் குறிப்பிட்ட கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் வேண்டும், கணவன் மனைவியாக இருந்தாலும்.

"நாங்களே நேராகப் புதிய டாக்டருக்கு அனுப்பிவிடுகிறோம்" என்பார்கள். அனுப்பட்டும், ஆனால் உங்களுக்கும் ஒரு நகல் வாங்குங்கள். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தது சரியான ஃபைலில் விழுந்ததா என்பதை உங்களைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. புதிய டாக்டரை முதலில் பார்க்கும் தேதிக்குச் சில வாரம் முன்பே தொடங்குங்கள். மருத்துவமனையின் இணையக் கணக்கில் ரிப்போர்ட் பார்க்கும் வசதி இருந்தால், மாறுவதற்கு முன்பே எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடுங்கள். நீங்கள் போன பிறகு அந்தக் கணக்கு எவ்வளவு நாள் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

கூச்சத்தை விட்டுக் கேட்கக்கூடிய இன்னொன்று இருக்கிறது. என் கணக்கில் கேஸ் ஷீட்டைவிட அதற்கு மதிப்பு அதிகம்: பழைய டாக்டர் தன் கையால் எழுதும் ஒரு பக்கக் கடிதம். இன்ன நோய்கள், இன்ன மருந்து ஒத்துவரவில்லை, இன்னதைக் கவனித்து வந்தேன், அடுத்து இன்னது செய்ய நினைத்திருந்தேன் என்று அவர் எழுதிக் கொடுத்தால், கட்டுக் கட்டாகத் தாள் சொல்லாததை அது சொல்லும். கடைசியாக அவரைப் பார்க்கும்போது நேரில் சொல்லிவிட்டே கேளுங்கள். சொல்லாமல் விலகிப் போகிறவர்கள் இழப்பது இந்தக் கடிதத்தைத்தான்.

மறுத்தால்? மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பாதி மறுப்புகள் அந்த இடத்திலேயே கரைந்துவிடும், ஏனென்றால் கவுன்டரில் "அதெல்லாம் தர மாட்டோம்" என்று வாயால் சொன்னவர் அதைக் கையெழுத்துப் போட்டுத் தரத் தயங்குவார். அப்புறம் மருத்துவமனை நிர்வாகம், அதற்கு மேல் மருத்துவ கவுன்சில் அல்லது உங்கள் நாட்டில் தரவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்பு. நியாயமான விலக்குகளும் உண்டு. தகவல் வெளியானால் நோயாளிக்கோ மற்றவருக்கோ கடுமையான தீங்கு வரும் என்ற நிலை, ஃபைலில் மூன்றாம் நபர் ரகசியமாகச் சொன்ன செய்தி போன்றவை. அமெரிக்க விதியில், மனநல ஆலோசகர் தனியாக வைத்திருக்கும் உரையாடல் குறிப்புகளைக் கேட்டு வாங்கும் உரிமை நோயாளிக்குக் கிடையாது.

டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார், கிளினிக்கையே மூடிவிட்டார்கள் என்றால் பதிவுகளை வைத்திருக்கும் பொறுப்பு யாரிடம் போனது என்று விசாரியுங்கள். காலம் கடந்தால் அழித்துவிடுவார்கள். மேலே சொன்ன இந்திய விதியில் உள்நோயாளிப் பதிவைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அழிந்தே போயிருந்தாலும் சுற்றுவழிகள் உண்டு. வெளி லேபும் ஸ்கேன் மையமும் தங்கள் பிரதியை வைத்திருக்கலாம். ஆபரேஷனுக்குக் காப்பீடு கோரியிருந்தால், அந்த நிறுவனத்தின் ஃபைலில் டிஸ்சார்ஜ் சம்மரியும் பல ரிப்போர்ட்டுகளும் கிடக்கும். இது யாருக்கும் எளிதில் தோன்றாத இடம்.

நகல் கையில் வந்ததும் அங்கேயே நின்று புரட்டுங்கள். தாளின் பின்பக்கம் எடுக்காமல் விட்டிருப்பார்கள், கேஸ் ஷீட்டில் பின்பக்கத்தில்தான் பாதி விஷயம் இருக்கும். வேறொருவருடைய தாள் கலந்திருந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள், உங்கள் தாள் அவருடைய ஃபைலில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து நிதானமாக ஒவ்வாமை, நோய்ப் பட்டியல் இரண்டையும் படியுங்கள். சின்ன வயதில் வந்த ஏதோ தடிப்பை வைத்துப் பெனிசிலின் ஒவ்வாமை என்று எழுதியது ஃபைல் ஃபைலாகத் தொடர்ந்து வரும். அப்படிப் பெயர் பெற்றவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு ஒவ்வாமை இல்லை என்றே தெரிகிறது. அதற்குள் பல வருடம் தேவையில்லாமல் வேறு ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருப்பார்கள். உண்மையிலேயே ஒவ்வாமை இருந்தால் மருந்தின் பெயரோடு என்ன நடந்தது என்பதும் எழுதியிருக்க வேண்டும். வயிறு கலங்கியது வேறு, மூச்சு அடைத்தது வேறு. தவறு கண்டால் திருத்தம் கேட்கலாம். பழைய வரியை அடித்து அழிக்க மாட்டார்கள், தேதியிட்ட திருத்தக் குறிப்பைச் சேர்ப்பார்கள். அதுதான் சரியான முறையும்கூட.

புதிய டாக்டரிடம் முழுக் கட்டையும் நீட்டாதீர்கள். ஒரே ஒரு பக்கத்தில் நோய்கள் தொடங்கிய வருடம், ஆபரேஷன், இப்போதைய மருந்து அளவோடு, ஒத்துவராத மருந்து, கடைசிச் சோதனை முடிவுகள் என்று எழுதி மேலே வையுங்கள். கீழே ஆபரேஷன் குறிப்பு, திசுப் பரிசோதனை, டாக்டரின் கடிதம். மற்றவை பையிலேயே இருக்கட்டும், கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். அவர் ஏதாவது தாளை வைத்துக்கொள்வதாகச் சொன்னால் நகலைக் கொடுத்துவிட்டு, உங்கள் பிரதியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.